கோலாலம்பூரில் ஆறு எங்கே இருக்கிறது?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா, அம்மா இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பா சுத்த சைவம். பத்து வயதில் ஒரு மகள். கையில் மூன்று நாள். இரட்டைக் கோபுரத்தைப் படத்தில் பார்த்தாயிற்று, அருங்காட்சியகம், சந்தை, பழைய கட்டடங்கள் போதும் என்கிறார். "இரண்டு ஆறு கூடுகிற ஊர் என்கிறார்களே, வரைபடத்தில் ஆறு கண்ணிலேயே படவில்லை" என்பது அவருடைய சந்தேகம். அம்மாவின் கேள்வி தனி: பத்துமலையில் முருகனுக்குச் சாத்த நல்ல பூ கிடைக்குமா?

நான் கோலாலம்பூரின் செந்தூலில் பிறந்து வளர்ந்தவன். தாத்தாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் சுற்றிக் காட்டும் பொறுப்பு எப்போதும் என் தலையில்தான் விழும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஆறு. காவிரியை ஒரு பக்கமும் கொள்ளிடத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு வளர்ந்தவருக்கு எங்கள் ஆறு ஏமாற்றமாகத்தான் இருக்கும். படித்துறை இல்லை, மண்டபம் இல்லை. இரு பக்கமும் கான்கிரீட் சுவர், நடுவில் தேத்தண்ணி நிறத்தில் ஓடும் தண்ணீர். பவானி கூடுதுறையை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். ஆனால் ஊரின் பெயரே கூடுதுறைதான். 'கோலா' என்றால் மலாயில் ஓர் ஆறு இன்னோர் ஆற்றிலோ கடலிலோ போய்ச் சேரும் இடம். 'லும்பூர்' என்றால் சேறு. கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றில் கலக்கும் இடம் இது. மலாய் வழக்கப்படி 'கோலா கோம்பாக்' என்றுதான் பெயர் வந்திருக்க வேண்டும். சேறு எப்படி முந்திக்கொண்டது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

1857இல் ராஜா அப்துல்லா என்ற சிலாங்கூர் அரச குடும்பத்தவர் 87 சீனத் தொழிலாளர்களை ஈயம் (வெள்ளீயம், டின்) தேடி ஆற்றின் மேல்பக்கமாக அனுப்பினார். படகு இந்தக் கூடல்வரைதான் வந்தது, அதற்கு மேலே ஆழம் போதாது. இறங்கிக் காட்டுக்குள் நடந்து அம்பாங் பக்கம் போய்த் தோண்டினார்கள். ஒரு மாதத்துக்குள் காட்டுக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது போக மிஞ்சியவர்கள் 18 பேர். ஆனாலும் ஈயம் கிடைத்துவிட்டது. அரிசியும் எண்ணெயும் இறக்கிய இடத்தில் கடை வந்தது, கடையைச் சுற்றிச் சந்தை வந்தது, சூதாட்டக் கொட்டகையும் வந்தது. நீங்கள் பார்க்க விரும்புகிற பழைய ஊரில் பாதி அந்தப் படகுத்துறையிலிருந்து இருபது நிமிட நடைக்குள் இருக்கிறது. அதனால்தான் கோபுரத்திலிருந்து தொடங்காமல் ஆற்றிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன்.

முதல் நாள் காலை ஏழரைக்கெல்லாம் எல்.ஆர்.டி. நகர ரயில் பிடித்து மஸ்ஜித் ஜாமிக் நிலையத்தில் இறங்கிவிடுங்கள். அந்த நிலையமே ஆற்றின் மேல் குந்தியிருக்கிறது. வெளியே வந்தால் இரண்டு ஆறும் சேரும் முனையில் சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட பள்ளிவாசல். ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்ற ஆங்கிலேயர் வரைந்து 1909இல் திறந்தது. அதற்கு முன் அந்த முனை மலாய்க்காரர்களின் இடுகாடாக இருந்தது. தேசியப் பள்ளிவாசல் கட்டும்வரை ஊரின் பெரிய பள்ளிவாசல் இதுதான். தொழுகை இல்லாத நேரத்தில் மற்ற மதத்தவரும் உள்ளே போகலாம், மேலங்கி கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எதிர்க்கரையில் நின்று பார்த்தால் தென்னை மரங்களுக்கு நடுவே மூன்று குவிமாடமும் தெரியும். படம் எடுக்க அதுதான் இடம்.

இதே இடத்துக்கு இருட்டிய பிறகு ஒருமுறை வரலாம். ஆற்றைச் சுத்தப்படுத்தி அழகுபடுத்தும் பெரிய திட்டத்தில் 2017இல் இந்தக் கூடலுக்கு நீல விளக்கும் பனிப்புகையும் போட்டார்கள். மகளுக்குப் பிடிக்கும். எனக்கு அந்த நீலம் கொஞ்சம் அதிகம்தான், சினிமா சொர்க்கலோகம் மாதிரி. ஆனால் ஊர்க்காரன் ஆற்றங்கரைக்கு வந்து உட்காரத் தொடங்கியது அந்த விளக்குக்குப் பிறகுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை நாங்களெல்லாம் ஆற்றுக்கு முதுகைக் காட்டித்தான் நடந்துகொண்டிருந்தோம்.

கோம்பாக் ஆற்றைத் தாண்டி மேற்கே வந்தால் மெர்டேக்கா சதுக்கம். ஒரு பக்கம் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், எதிரே வெள்ளைக்காரர்களின் பழைய சிலாங்கூர் கிளப், நடுவில் பச்சைத் திடல். 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியது இந்தத் திடலில்தான். மறுநாள் காலை சுதந்திரப் பிரகடனம் வாசித்தது மெர்டேக்கா அரங்கில். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் உள்ளூரிலேயே குறைவு.

சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் முன்னால் உங்கள் அப்பா நின்றவுடன், "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே" என்பார். சென்னை உயர் நீதிமன்றம், எழும்பூர் ரயில் நிலையம் இவற்றின் சித்தப்பா வீட்டுப் பிள்ளை இது. செங்கல் சுவர், வெள்ளை வளைவுகள், செம்புத் தகடு போர்த்திய குவிமாடங்கள், 41 மீட்டர் உயர மணிக்கூண்டு. 1894இல் தொடங்கி 1897இல் முடித்தார்கள். விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்கு மணி முதல்முறை அடித்தது. முதலில் சாதாரண ஐரோப்பியப் பாணியில்தான் வரைபடம் போட்டிருந்தார்கள். அப்போது சிலாங்கூரின் பொதுப்பணித் தலைமைப் பொறியாளராக இருந்த ஸ்பூனர்தான் அதை மாற்றச் சொன்னார். அவர் இலங்கையில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். பிறகு ரயில்வேக்கே தலைவரானார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கிளார்க்காகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கட்டடத்தின் வளைவைத் தீர்மானித்த மனிதரே ஒரு சமூகத்தின் இடப்பெயர்ச்சியிலும் கை வைத்திருக்கிறார்.

அந்தச் செங்கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1881இல் ஊரே ஒருமுறை எரிந்து, அதே ஆண்டில் வெள்ளத்திலும் மூழ்கியது. அத்தாப்பு ஓலைக் கூரையும் பலகைச் சுவரும் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும் போட்டுக் கட்டுங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ரெசிடென்டாக, அதாவது பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியாக வந்த சுவெட்டன்ஹாம் அதைக் கண்டிப்பாக நடத்தினார். ஊருக்குத் தெற்கே ஆற்றோரம் களிமண் இருந்தது. சூளை போட்டார்கள். செங்கல் சூளை இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். பின்னால் அங்கேயே ரயில்வே குடியிருப்பு வந்தது, ரயில்வேயோடு தமிழர்கள் வந்தார்கள். நீங்கள் சாயங்காலம் இட்லி தேடிப் போகப்போகிற இடம் இப்படித்தான் உண்டானது. இந்தக் கதையைச் சதுக்கத்தில் நின்று மகளிடம் சொல்லுங்கள். அங்கே போனதும் பெயர்ப்பலகையை அவளே கண்டுபிடிப்பாள்.

சதுக்கத்தின் ஓரத்தில் தேசிய ஜவுளி அருங்காட்சியகம். அதுவும் ஹப்பக் வரைந்ததுதான், 1905இல் ரயில்வே தலைமையகமாகக் கட்டியது. அம்மாவுக்குச் சேலை, நெசவில் ஆசை இருந்தால் சொங்கெட் சரிகைத் துணிகளுக்காக முக்கால் மணி நேரம் ஒதுக்கலாம். இல்லையென்றால் வெளியில் நின்று பார்த்தால் போதும்.

இப்போது ஆற்றைத் தாண்டிக் கிழக்கே வாருங்கள். இந்தக் கரைதான் சனங்களின் ஊர். அந்தக் கரை ஆண்டவர்களின் ஊர். லெபோ அம்பாங் தெருவில் ஒரு காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. நீளக் கூடம், பாய், பெட்டகம், சாய்மேசை, கணக்குப்பிள்ளை. தோட்டம் வாங்கவும் சுரங்கம் தோண்டவும் இங்கேதான் வட்டிக்குப் பணம் எடுத்தார்கள். இன்று அந்தத் தெருவில் அதன் வாசம் மட்டும்தான் மிச்சம். பக்கத்தில் மேடான் பாசார், பழைய சந்தைச் சதுக்கம். சீனர்களின் தலைவர் யாப் ஆ லோயின் வீடும் சந்தையும் இங்கேதான் இருந்தன. நடுவில் நிற்கும் மணிக்கூண்டு 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு நினைவாக வைத்தது.

அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் சின் சே சி யா கோயில். கடைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும், சந்துக்குள் நுழைந்துதான் போக வேண்டும். 1864இல் யாப் ஆ லோய் தொடங்கி வைத்தது. சீனக் கோயில்தானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உள்ளே இருக்கும் முக்கிய சாமி சீனாவிலிருந்து வந்த சாமி கிடையாது. சுங்கை ஊஜோங் ஈயச் சுரங்கப் பகுதியில் தலைவராக இருந்து, சண்டையில் வெட்டுப்பட்டுச் செத்த மனிதர். யாப் ஆ லோய் அவரிடம் வேலை பார்த்தவர். செத்தவர் காவல் தெய்வமாகிக் கனவில் வந்து வழிகாட்டினார் என்பது நம்பிக்கை. மதுரை வீரனையும் காத்தவராயனையும் கும்பிடுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பீடத்துக்கு அடியில் குனிந்து நுழைந்து வந்தால் நல்லது நடக்கும் என்பார்கள். மகள் நுழையட்டும், அம்மா வேண்டாம்.

அடுத்தது ஜாலான் துன் எச். எஸ். லீயில் மகா மாரியம்மன் கோயில். ஒரு மணி நேரமாவது வையுங்கள். 1873இல் தம்புசாமி பிள்ளை தொடங்கியது, 1885இல் இந்த இடத்துக்கு வந்தது. நீங்கள் பார்க்கிற ஐந்து நிலைக் கோபுரம் 1960களின் கடைசியில் எழுந்தது, உயரம் 23 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் நிழலில் வளர்ந்தவர்களிடம் இந்த உயரத்தைச் சொல்ல எனக்கே கூச்சம்தான். ஆனால் தம்புசாமி பிள்ளையின் கதை கோபுரத்தை விடப் பெரியது. 1850இல் சிங்கப்பூரில் பிறந்தார். அரசாங்க வேலையில் தொடங்கி ஈயச் சுரங்க முதலாளியானார். லோக் இயூ என்ற சீன முதலாளியோடு சேர்ந்து 1894இல் ரவாங் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க மின்சாரம் கொண்டுவந்தார். மலாயாவில் மின்சாரம் ஓடியது அங்கேதான் முதலில். விக்டோரியா பள்ளி தொடங்கியபோது அறங்காவலர்களில் ஒருவராக இருந்தார். பத்துமலைக் குகையில் முருகனை வைத்ததும் அவர்தான். 1902இல் காலமானார். இந்தக் கோயில் முதலில் அவர் குடும்பத்துக் கோயிலாகவே இருந்தது. பொதுமக்களுக்குத் திறந்தது 1920களின் கடைசியில்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இங்கிருந்து கிளம்பிப் பதினைந்து கிலோமீட்டர் போய்ப் பத்துமலை சேரும். மதியத்தில் போகாதீர்கள், நடை சாத்தியிருக்கும்.

பெட்டாலிங் ஸ்திரீட் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய சீனர்கள் அதை 'மாவு ஆலைத் தெரு' என்ற பொருளில் அழைப்பார்கள். யாப் ஆ லோய் மரவள்ளிக் கிழங்கு மாவு அரைத்த இடம். இன்று போலிக் கைப்பையும் போலிக் கடிகாரமும்தான் அதிகம். அரை மணி நேரம் போதும், சொல்கிற விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.

பொருள் வாங்குவதென்றால் சென்ட்ரல் மார்க்கெட்டுக்கு வந்துவிடுங்கள். மலாயில் பாசார் செனி, கலைச் சந்தை. 1888இல் கிள்ளான் ஆற்றங்கரையில் மீன், இறைச்சி, காய்கறிச் சந்தையாகத் தொடங்கியது. இப்போதைய நீலக் கட்டடம் 1937இல் முடிந்தது. எண்பதுகளில் சந்தையை வேறிடத்துக்கு மாற்றியபோது கட்டடத்தை இடிக்கப் பார்த்தார்கள். மரபு அமைப்பினர் மல்லுக்கட்டிக் காப்பாற்றி, 1986இல் கைவினைச் சந்தையாகத் திறந்தார்கள். பாத்திக் துணி வாங்கும்போது ஒரு சூட்சுமம்: துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியதென்றால் நிறம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். பின்பக்கம் வெளிறியிருந்தால் இயந்திரத்தில் அச்சடித்தது. கைவேலைக்கு விலை கூடத்தான் செய்யும், அதில் ரொம்பப் பேரம் பேசாதீர்கள். மகளுக்கு 'வாவ் பூலான்' என்ற நிலாப் பட்டம் சின்ன அளவில் கிடைக்கும். விமானத்தில் கொண்டுபோகலாம்.

இவ்வளவும் ஒரு காலையும் ஒரு மதியமும்தான். மொத்த நடை மூன்று கிலோமீட்டரைத் தாண்டாது, இடையிடையே உட்கார இடம் உண்டு. ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: பிற்பகலில் இங்கே மழை வெளுத்து வாங்கும். இரண்டு மணிக்கு மேல் கூரைக்குக் கீழே இருக்கிற மாதிரித் திட்டம் போடுங்கள். சாயங்கால மழையில் அந்தத் தேத்தண்ணி ஆறு அரை மணி நேரத்தில் சுவரை எட்டிப் பிடிக்கும். விக்டோரியா பள்ளியே முதலில் ஆற்றோரம்தான் இருந்தது, வெள்ளத் தொல்லை தாங்காமல் 1929இல் குன்றுக்கு இடம் மாறியது. இன்றைக்கு வெள்ளத்தைத் திருப்பிவிட நகரத்துக்கு அடியில் 9.7 கிலோமீட்டர் சுரங்கப் பாதை இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் மழையில்லாத நாளில் கார் ஓடும், பெருமழையில் தண்ணீர் ஓடும். டாக்சிக்காரரிடம் 'ஸ்மார்ட் டனல்' வழியாகப் போகச் சொன்னால் அதையும் பார்த்த கணக்கு.

இரண்டாம் நாளை அருங்காட்சியகங்களுக்கு வையுங்கள். தேசிய அருங்காட்சியகம், மூசியம் நெகாரா, 1963 ஆகஸ்ட் 31இல் திறந்தது. அதே இடத்தில் முன்பு சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945இல் ஜப்பான்காரன் பிடியில் ஊர் இருந்தபோது நேசநாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அது போய்விட்டது. எம்.ஆர்.டி. மெட்ரோ நிலையம் வாசலிலேயே இருக்கிறது. ஊரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலிலிருந்து நடைபாதை வழியாகவும் வரலாம். நான் கடைசியாக விருந்தாளிகளைக் கூட்டிப்போனபோது வெளிநாட்டவருக்கு ஐந்து வெள்ளி கட்டணம் வாங்கினார்கள். வெள்ளி என்றால் ரிங்கிட், நாங்கள் இன்னும் அப்படித்தான் சொல்வோம். உள்ளே ஓடுவதற்கு முன் வாசலின் இரு பக்கமும் இருக்கும் கண்ணாடிச் சில்லு ஓவியங்களைப் பாருங்கள், சியோங் லாய் தோங் என்ற ஓவியரின் வேலை. ஒன்றில் நாட்டின் வரலாறு, மற்றதில் மக்களின் தொழிலும் கலையும்.

நான்கு கூடங்களில் முதல் கூடத்தில்தான் நமக்கு வேலை. பேராக்கில் குகையொன்றில் 1991இல் கண்டெடுத்த, பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மனித எலும்புக்கூட்டின் கதை அங்கே இருக்கிறது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த பொருள்களும் இருக்கின்றன. கெடாதான் கடாரம். 1025இல் ராஜேந்திர சோழன் கப்பலேறி வந்த கடாரம். கங்கைகொண்ட சோழபுரம் உங்களுக்கு ஒரு பகல் பயணம், அதன் மறுகரையை இங்கே பார்க்கிறீர்கள். பீடோர் ஈயச் சுரங்கத்தில் மண்ணைத் தோண்டும்போது கிடைத்த எட்டுக் கை அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலையைத் தவறவிடாதீர்கள். வாரத்தில் சில நாள் காலையில் தன்னார்வலர்கள் ஆங்கிலத்தில் இலவசமாகச் சுற்றிக் காட்டுவார்கள். கிடைத்தால் சேர்ந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் கூடத்தில் ரப்பரும் ஈயமும் வரும். ஆனால் பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடியவர்களின் வாழ்க்கையை, லயத்தையும் (வரிசை வீடுகளையும்) ஆயாக்கொட்டாயையும் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையையும்), கண்ணாடிப் பெட்டிக்குள் முழுதாகத் தேடாதீர்கள். என் பாட்டி முப்பது வருடம் மரம் சீவினாள், அவள் கத்தி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அந்த வரலாறு இந்த ஊரில் கோயிலிலும் தெருப்பெயரிலும் பழைய கூட்டுறவுச் சங்கத்திலும் சிதறிக் கிடக்கிறது. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படி ஒன்று. தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோனபோது, தொழிலாளரிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள்.

அங்கிருந்து இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் பக்கம்தான், ஆனால் நடுவில் பெரிய சாலைகள். அம்மாவுக்காக கிராப் செயலியில் கார் எடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து இந்த ஊரின் மிக நல்ல அருங்காட்சியகம் இதுதான். 1998இல் திறந்தது. கட்டணம் கூடுதல், இரண்டு மடங்கு பெறும். உலகத்துப் பள்ளிவாசல்களின் சிற்றுருவங்கள் ஒரு கூடம் நிறைய இருக்கின்றன. சிரியாவிலிருந்து கொண்டுவந்து சேர்த்த ஓட்டோமான் காலத்து அறை ஒன்று, முழு மரவேலையோடு. மொகலாயர் நகைகளும் சீன முஸ்லிம்களின் எழுத்தோவியங்களும் உண்டு. மேலே அண்ணாந்து பார்த்தால் ஒரு குவிமாடம் தலைகீழாகத் தொங்கும். மகள் அதன் அடியில் படுத்துப் பார்க்க ஆசைப்படுவாள், தடுக்காதீர்கள்.

போகிற வழியில் 1910இல் கட்டிய பழைய ரயில் நிலையம். அதுவும் ஹப்பக்தான். இந்த மனிதர் இல்லாமல் இந்த ஊரில் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. பெரிய வண்டிகளெல்லாம் 2001இல் கே.எல். சென்ட்ரலுக்கு மாறிவிட்டன. பழைய நிலையத்தில் இப்போது கொமுட்டர் என்ற புறநகர் ரயில் மட்டும் நிற்கும். எதிரே 1917இல் முடிந்த ரயில்வே நிர்வாகக் கட்டடம்.

சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ். 2010இல் 'லிட்டில் இந்தியா' என்று வண்ணம் பூசி வளைவு வைத்தார்கள். சாஞ்சித் தோரணம் மாதிரி இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த வாயிலும் இருக்கிறது. அதெல்லாம் நீங்கள் ஊரிலேயே பார்த்தது. பார்க்க வேண்டியது 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமக் கட்டடம். ஜாலான் துன் சம்பந்தனில் அடுக்குமாடிகளுக்கு நடுவே அகலமாக உட்கார்ந்திருக்கும். அப்புறம் ஜாலான் ஸ்காட்டில் யாழ்ப்பாணத் தமிழர்களின் கந்தசுவாமி கோயில். நம் ஊர்க் கோயில்களுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை, அந்தச் சுத்தத்தையும் நேர ஒழுங்கையும், அம்மா உடனே கவனிப்பார். சிங்களவர்கள் கட்டிய புத்த விகாரையும் அதே வட்டாரம். மூன்றையும் ரயில்வே சம்பளம்தான் எழுப்பியது என்று பாதி விளையாட்டாகச் சொல்வோம்.

அப்பாவின் சாப்பாடு பிரிக்பீல்ட்ஸில் கவலையே இல்லை, வாழையிலைச் சாப்பாடும் தோசையும் தெருவுக்குத் தெரு. மற்ற இடத்தில் கவனம். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கோடு வரும் சம்பலில் நெத்திலியும் பெலாச்சானும் கலந்திருக்கும். பெலாச்சான் என்றால் இறால் பொடித்த விழுது, கண்ணுக்குத் தெரியாது. 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் மீன் இல்லாமல் பெலாச்சானோடு கொண்டுவந்து வைப்பார்கள். எங்கள் மாமா ஒருவர் இரண்டு நாள் அப்படியே சாப்பிட்டு, "இந்த ஊர்க் கத்தரிக்காய்க்கு என்ன ருசி" என்று பாராட்டிவிட்டுப் போனார். நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பத்துமலை. கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் அடிவாரத்திலேயே இறக்கிவிடும். டச் அண்ட் கோ அட்டை வாங்கி வைத்துக்கொண்டால் எல்லா ரயிலுக்கும் அதுவே போதும். எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். வெயிலும் கூட்டமும் ஏறிவிட்டால் 272 படியும் இரட்டிப்பாகத் தெரியும். வாசலில் நிற்கும் 42.7 மீட்டர் முருகன் 2006இல் வந்தவர். படிகளுக்கு வானவில் நிறம் 2018இல். தைப்பூசம் இங்கே 1890களிலிருந்து நடக்கிறது. முழங்கால் மறைகிற உடை கட்டாயம். குரங்கிடம் பையையும் கண்ணாடியையும் காட்டாதீர்கள். பக்கத்தில் ஓடுகிற சுங்கை பத்துதான் மலைக்குப் பெயர் கொடுத்தது. தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்கள் அதில்தான் முழுகி வருவார்கள். அந்தத் தண்ணீர் கோம்பாக்கில் சேர்ந்து, நீங்கள் முதல் நாள் நின்ற கூடலுக்குத்தான் போகிறது.

அம்மா ஏற வேண்டாம். அடிவாரத்திலேயே சந்நிதிகள் இருக்கின்றன. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் என்பதால் சொல்கிறேன், ராமாயணக் குகைப் பக்கம் வெங்கடாசலபதியும் இருக்கிறார், பெரிய அனுமாரும் இருக்கிறார். நீங்களும் மகளும் ஏறி இறங்கும்வரை பெரியவர்கள் அங்கே உட்காரலாம்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் செத்தாப்பாக்கில் ராயல் சிலாங்கூர் பட்டறைக்குப் போங்கள். 1885இல் சீனாவிலிருந்து வந்த ஒரு ஈயக் கொல்லர் தொடங்கியது. சுற்றிக் காட்டக் காசு கேட்பதில்லை. ஆளுயரத்தைத் தாண்டிய ஈயக் குவளை ஒன்று வாசலில் நிற்கும். தனிக் கட்டணம் கொடுத்தால் மகளே சுத்தியல் பிடித்துக் கிண்ணம் தட்டலாம். எந்த ஈயத்துக்காக அந்த 87 பேர் காட்டுக்குள் போனார்கள் என்று அவள் கை தெரிந்துகொள்ளும்.

உண்மையான சந்தை பார்க்க ஆசையென்றால் சௌகிட். மீனும் பெத்தாய் அவரையும் பச்சையாகச் சாப்பிடும் உலாம் தழையும் காலை ஆறு மணிக்கே குவிந்துவிடும். ஆனால் தரை வழுக்கும். அம்மாவை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ஒரு காலை போய் வாருங்கள். மஸ்ஜித் இந்தியா வட்டாரம் பெரியவர்களுக்குச் சுலபம். தமிழ் முஸ்லிம்களின் பழைய பள்ளிவாசல், துணிக்கடை, நகைக்கடை, பூக்கடை எல்லாம் ஒரே தெருவில்.

கடைசிச் சாயங்காலம் கம்போங் பாருவுக்குப் போங்கள். 1900 வாக்கில் மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு. கோபுரங்களின் காலடியில் இன்னும் கம்பத்து (கிராமத்து) வீடுகள் நிற்கின்றன, தூண்மேல், தென்னையும் ரம்புத்தானுமாக. அங்கிருந்து கிள்ளான் ஆற்றைத் தாண்டி இரட்டைக் கோபுரப் பக்கம் போக 2020இல் சலோமா பாலம் போட்டார்கள். 69 மீட்டர்தான். மலாய்க் கலியாணத்தில் வைக்கும் வெற்றிலை அடுக்கின் வடிவம். இருட்டினால் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். வேண்டாம் என்று சொன்ன கோபுரத்தையும் அங்கிருந்து சும்மா பார்த்துவிடலாம்.

அம்மாவின் பூ. பத்துமலை அடிவாரக் கடைகளில் மாலை கிடைக்கும், ஆனால் காலை எட்டு மணிக்கு எல்லாக் கடையும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாம் நாள் சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் கட்டின மல்லிகையாகக் கேட்டு வாங்கிவிடுங்கள், தமிழிலேயே கேட்கலாம். வாழையிலையில் சுற்றித் தருவார்கள். பிரிக்காமல் அப்படியே ஓட்டல் அறைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் உறைந்து கறுத்துவிடும்.